ஜெர்மானா முன்னோர் நினைவுத் தோட்டம்: பெயர் சரிபார்ப்பதிலிருந்து செங்கல் பதிப்பது வரை

விர்ஜீனியாவில் ரேப்பிடான் ஆற்றின் வளைவில் 1714இல் ஒரு சிறு கோட்டை எழுந்தது. சுற்றிலும் ஐந்து பக்க மரவேலி, நடுவில் ஐந்து பக்கமுள்ள ஒரு காவல் வீடு, ஒரே வரிசையில் ஒன்பது வீடுகள். மறுவருடம் நவம்பரில் அங்கே வந்துபோன ஜான் ஃபோன்டேன் என்ற பயணி, ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் 20 அடி தள்ளிப் பன்றிக்கும் கோழிக்கும் கொட்டில் இருந்ததுவரை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்த வீடுகளில் இருந்தவர்கள் ஜெர்மனியின் நாசாவ்-சீகன் பகுதியிலிருந்து வந்த இரும்புச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள். விர்ஜீனியாவின் துணை ஆளுநர் அலெக்சாண்டர் ஸ்பாட்ஸ்வுட் அவர்களை அங்கே குடிவைத்தார். 'ஜெர்மன்' என்பதோடு அப்போதைய ராணி ஆனின் பெயரைச் சேர்த்து 'ஜெர்மானா' என்று ஊருக்குப் பெயரிட்டார். 1717இல் பலாட்டினேட், க்ரைக்காவ் பகுதிகளிலிருந்து இரண்டாவது கூட்டம் வந்தது. பின்னாளில் அவர்கள் இன்றைய மேடிசன் கவுண்டியில் ராபின்சன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நகர்ந்து, 1740இல் ஹெப்ரான் லூத்தரன் தேவாலயத்தைக் கட்டினார்கள். அது இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

இவர்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கிறார்கள். முன்னோர் பெயரைச் செங்கல்லில் பொறித்து, செடிகளுக்கு நடுவே பதித்து ஒரு தோட்டம் போட வேண்டும் என்று நினைக்கும் குடும்பச் சங்கங்களுக்கும், அந்த வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. கணக்குகளை அந்த ஊர் மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்றபடி தந்திருக்கிறோம். இப்படிப்பட்ட தோட்டங்கள் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: ஒன்று பெயர், இன்னொன்று தண்ணீர். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் ஒரு செடிகூட வாங்காதீர்கள்.

இடம் பார்ப்பது

முன்னோர் நின்ற அதே மண்ணில் தோட்டம் வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் பழைய குடியிருப்பு இருந்த நிலத்தில் ஒன்பது அங்குலம் தோண்டினாலே உடைந்த ஓடு, ஆணி, மண்குழாய்த் துண்டு என்று வரலாற்றுச் சான்று கலைந்துபோகும். மரவேலி நட்ட இடங்கள் மண்ணில் வெறும் நிறமாற்றமாகத்தான் மிஞ்சியிருக்கும். மண்வெட்டி பட்டால் அதுவும் போய்விடும். அகழாய்வாளர் ஒருவர் பார்த்து 'இங்கே எதுவுமில்லை' என்று எழுதிக் கொடுக்கும்வரை தொடவே கூடாது. வருகையாளர் மையம், தேவாலய வளாகம், நூலகத்தை ஒட்டிய நிலம் என்று ஏற்கெனவே கலைந்த மண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான் முன்னோருக்குச் செய்யும் மரியாதை.

தோண்டும் முன் 811 என்ற எண்ணை அழையுங்கள். மின்கம்பி, எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள். சில வேலைநாள் எடுக்கும். தோண்டுகிற அன்று காலையில் கூப்பிட்டால் பயனில்லை.

அடுத்தது தண்ணீர். அந்தப் பகுதி மண் செம்மண் களி. காய்ந்தால் ஓடு, நனைந்தால் சோப்பு. ஓரடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, அது முழுக்க இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய தண்ணீர் மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் குழிநடவு வேண்டாம், மேட்டுப்பாத்திதான். களிமண்ணில் குழி வெட்டி நல்ல மண் போட்டு நட்டால் அந்தக் குழி தொட்டியாகிவிடும். சுற்றுப்புற நீரெல்லாம் அதில் வந்து தங்கி, செடி வேரழுகிச் சாகும். தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள்.

பெயர்கள்

இந்த வேலைக்கு ஆறு மாதமாவது ஒதுக்குங்கள். பொறித்தபின் பிழை தெரிந்தால் அந்தச் செங்கல் போனதுதான்.

ஜெர்மானாக் குடும்பங்களின் பெயர் இரண்டு தலைமுறைக்குள் உருமாறிவிட்டது. ஃபிஷ்பாக் ஃபிஷ்பேக் ஆனது. ஓட்டர்பாக் அட்டர்பேக் ஆனது, ரிஷ்டர் ரெக்டர் ஆனது, பிளாங்கன்பூலர் பிளாங்கன்பேக்கர் ஆனது. சிலர் ஓசையை விட்டுவிட்டுப் பொருளை மொழிபெயர்த்துக்கொண்டார்கள்: சிம்மர்மன் 'கார்ப்பென்டர்' ஆனார், இரண்டும் தச்சர்தான். வேபர் 'வீவர்' ஆனார், நெசவாளர். கோக் 'குக்' ஆனார், சமையற்காரர். ஆகவே முதலில் ஒரு முடிவு எடுங்கள்: வந்தவர் எழுதிய வடிவமா, பேரப்பிள்ளைகள் எழுதும் வடிவமா? வந்தவரின் வடிவத்தை முதல் வரியிலும், இன்றைய குடும்பப் பெயரைக் கடைசி வரியிலும் போடச் சொல்வோம். தேடி வருகிறவர் தன் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும், வந்தவருக்கும் அவர் பெயர் திரும்பக் கிடைக்க வேண்டும்.

பெண்களின் பெயரில்தான் அதிகம் தவறுகிறார்கள். ஜெர்மன் தேவாலயப் பதிவேடுகளில் பெண்ணின் குடும்பப் பெயரோடு 'இன்' என்ற விகுதி சேரும். 'பிளாங்கன்பூலரின்' என்று பதிவில் இருந்தால் அது வேறொரு குடும்பமல்ல, அதே குடும்பத்துப் பெண். விகுதியைப் பெயர் என்று நினைத்துக் கல்லில் வெட்டிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இல்லாத ஒரு பிறந்தவீட்டைக் கட்டிக்கொடுத்ததாகும். இன்னொன்று: அண்ணன் தம்பி எல்லோருக்கும் முதற்பெயர் 'யோஹான்' என்றே இருக்கலாம். வீட்டில் அழைத்தது இரண்டாவது பெயரை. 'யோஹான்' மட்டும் பொறித்தால் அது யாரையும் குறிக்காது.

தேதி அதைவிட வழுக்கும். ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700இல் புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன. விர்ஜீனியா பிரிட்டிஷ் காலனி என்பதால் 1752வரை பழைய நாட்காட்டிதான். இடைவெளி 11 நாள். அதுமட்டுமல்ல, பழைய கணக்கில் ஆண்டு பிறப்பது மார்ச் 25. விர்ஜீனியா ஆவணத்தில் '10 பிப்ரவரி 1724' என்று இருந்தால் நம் கணக்கில் அது 1725. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள எந்தத் தேதியையும் 1724/25 என்று இரட்டை ஆண்டாகப் பொறிப்பதே நேர்மை. பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானத் தேதி என்றால் 'பிறப்பு' என்று போடாதீர்கள். இடம் போதாவிட்டால் ஆண்டு மட்டும் போதும்.

சான்று எதை ஏற்பது? குடும்பத்தில் வாய்வழியாக வந்த கதையை ஏற்கக் கூடாது. மனம் கஷ்டப்படுவார்கள், ஆனாலும் கூடாது. நீதிமன்றப் பதிவு, நிலப் பட்டா, உயில், தேவாலயப் பதிவேடு இவற்றில் ஏதேனும் ஒன்றாவது வேண்டும். நிலம் கோருவதற்காக 'நான் இன்ன ஆண்டு வந்தேன், கூட வந்தவர் இவர்கள்' என்று குடியேறிகள் சத்தியம் செய்த வாக்குமூலங்கள் ஸ்பாட்சில்வேனியா கவுண்டி நீதிமன்றப் பதிவுகளில் இருக்கின்றன. 1714இல் வந்த ஜேக்கப் ஹோல்ட்ஸ்க்ளா 1724இல் கொடுத்ததில் மனைவி, மகன்கள் பெயர்கூட உண்டு. ஆனால் வந்து பத்தாண்டு கழித்துச் சொன்னது என்பதையும், எழுதியவர் ஆங்கிலேய எழுத்தர், காதில் விழுந்தபடி எழுதியவர் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த எழுத்தர் எழுதிய எழுத்துக்கூட்டலைக் குடும்பத்தின் எழுத்துக்கூட்டலாகக் கொள்ளாதீர்கள்.

குடியேறியவர்களை மட்டும் நினைவுகூர்ந்தால் தோட்டம் அரைகுறை. அது மானஹோக் பழங்குடி மக்களின் நிலம். ஸ்பாட்ஸ்வுட்டின் இரும்பாலையில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உழைத்தார்கள். நுழைவாயிலிலேயே, முதலில் கண்ணில் படும் பலகையில், இதைச் சொல்லுங்கள். பின்பக்க மூலையில் வைப்பதற்குச் சொல்லாமலே இருக்கலாம்.

செங்கல்லும் எழுத்தும்

வழக்கமான பொறிப்புச் செங்கல் 4க்கு 8 அங்குலம், கனம் 2¼ அங்குலம். பொதுவாக மூன்று வரி, வரிக்கு 20 எழுத்து இடம். இது எவ்வளவு குறைவு என்பதற்கு ஓர் உதாரணம்: முதல் கூட்டத்தின் போதகர் யோஹான் ஹைன்ரிஷ் ஹேகரின் பெயர் ரோமன் எழுத்தில், இடைவெளியோடு சேர்த்து, 21 இடம் பிடிக்கும். ஓரிடம் கூடிவிடுகிறது. அப்படிப்பட்ட பெயர்களை இரண்டு வரியாக உடைக்க வேண்டும், அல்லது 8க்கு 8 அங்குலக் கல் எடுக்க வேண்டும். நடுப்பெயரைச் சுருக்கி ஒற்றை எழுத்தாக்கினால், மேலே சொன்னபடி, அவரை அழைத்த பெயரே காணாமல் போகும்.

களிமண் செங்கல்லில் லேசர் பொறிப்பு நல்லது. லேசர் மேற்பரப்பை உருக்கிக் கறுத்த கண்ணாடிபோல் ஆக்கிவிடும், சாயம் தேவையில்லை. மணல்வீச்சில் வெட்டி வண்ணம் நிரப்பினால் முதலில் பளிச்சென்று இருக்கும். நாளடைவில் வண்ணம் உரியும். சிமென்ட் பேவரில் லேசர் சரியாக எடுபடாது. வாங்கும்போது 'ஏஎஸ்டிஎம் சி902, எஸ்எக்ஸ் வகை' என்ற தரக்குறியீட்டைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பனி உறைந்து உருகும் ஊருக்கான நடைபாதைச் செங்கல் அது. வீட்டுச் சுவருக்கான செங்கல்லைப் போட்டால் குளிர்காலத்தில் மேல்தோல் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்துவிடும், பெயரும் சேர்ந்தேதான்.

ஜெர்மன் எழுத்துகளின் மேல் வரும் இரட்டைப் புள்ளி பொறிப்பவரின் எழுத்துருவில் இருக்கிறதா என்று மாதிரிச் செங்கல் வெட்டிப் பாருங்கள். 'எஸ்த்ஸெட்' (ß) என்ற ஜெர்மன் எழுத்து பார்வைக்கு ஆங்கில 'பி' (B) போலிருக்கும். 'வைஸ்' என்ற பெயர் அப்படியே 'வைபி' ஆகிவிடும். எல்லாம் பெரிய எழுத்தில் பொறிப்பதென்றால் அதற்குப் பதில் இரண்டு 'எஸ்' போட வேண்டும். அச்சுப்படியைக் குடும்பத்தார் ஒருவர், சங்கத்தார் ஒருவர் என இருவர் பார்த்துக் கையெழுத்திடாமல் வெட்டக் கொடுக்காதீர்கள். மின்னஞ்சலில் 'சரி' என்று வந்தால் போதாது. ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொல்லுங்கள், கண் ஏமாறாது.

தளம் போடுவது

20க்கு 20 அடி முற்றத்தை, அதாவது 400 சதுர அடியை, கணக்காக எடுத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 4½ செங்கல் வீதம் 1,800. வெட்டுக்கும் உடைசலுக்கும் பிற்காலத்துக்கும் பத்து சதவீதம் சேர்த்து 1,980. ஒரே சூளை, ஒரே தடவையில் சுட்டது என்று பார்த்து எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். பிறகு வாங்கினால் நிறம் சேராது.

தோண்டும் ஆழம் 9¼ அங்குலம்: ஜல்லி 6, மணல் 1, செங்கல் 2¼. வெளியேறும் மண் சுமார் 308 கன அடி. தோண்டியெடுத்த மண் உதிர்ந்து அதைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் கொட்டுமிடத்தை முன்பே பாருங்கள்.

1. தரையைத் திம்சுக்கட்டையாலோ இயந்திரத்தாலோ இறுக்குங்கள். ஈரக்களியில் இறுக்க முடியாது. மழை விட்டு இரண்டு மூன்று நாள் காயட்டும்.

2. ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஓரடி ஏறட்டும். இதை விட்டுவிட்டால் களிமண் ஜல்லிக்குள் ஏறி, மூன்றாம் வருடம் தளம் அலையலையாகும்.

3. தூளோடு கலந்த முக்கால் அங்குல ஜல்லி. இறுகியபின் 200 கன அடி வேண்டும், 250 கன அடி வாங்குங்கள். மூன்று மூன்று அங்குலமாகக் கொட்டி, லேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் தகட்டு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். ஆறையும் ஒரே தடவையில் கொட்டி இறுக்கினால் மேல்புறம் மட்டும்தான் இறுகும்.

4. தண்ணீர் வடிவதற்கான வாட்டத்தை, அதாவது சரிவை, ஜல்லியிலேயே கொடுத்துவிடுங்கள், மணலில் சரிக்கட்டாதீர்கள். சக்கர நாற்காலிக்கான விதிப்படி குறுக்கு வாட்டம் அடிக்குக் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. குறி வைப்பது அடிக்கு 3/16 அங்குலம். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் சரித்தால் பத்தடிக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம் இறக்கம், கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரும் நிற்காது.

5. கழுவிய சொரசொரப்பான மணல் ஓர் அங்குலம், சுமார் 33 கன அடி, 40 வாங்கலாம். இரண்டு ஓர் அங்குலக் குழாயைத் தண்டவாளம்போல் வைத்து மட்டப்பலகையால் இழுங்கள். இழுத்த மணலில் மிதிக்காதீர்கள். ஜல்லித்தூளை மணலுக்குப் பதில் போடாதீர்கள், அது நீரைப் பிடித்துவைக்கும்.

6. நூல் கட்டி, ஓரத்திலிருந்து செங்கல் அடுக்கி, விளிம்புக்கட்டையை ஓரடிக்கு ஓர் ஆணி வீதம் அடித்து, ரப்பர் தகடு மாட்டிய இயந்திரத்தால் ஒரு சுற்று இறுக்கி, இடுக்கில் மணல் கூட்டுங்கள்.

எந்தக் காரணத்துக்கும் சிமென்ட் கலவை வைத்துப் பதிக்காதீர்கள். இந்தத் தோட்டம் ஒரே நாளில் நிறைவதில்லை. பெயர் வரவர வெற்றுச் செங்கல்லை எடுத்துவிட்டுப் பொறித்த செங்கல்லை வைக்க வேண்டும். அதனால்தான் மணல்தளம். இறுகும் வகைப் பாலிமர் மணலும் பொறிப்புப் பகுதியில் வேண்டாம்: எடுக்கும்போது பக்கத்துச் செங்கல்லின் விளிம்பு உடையும், துடைக்காமல் நனைத்தால் எழுத்துக் குழிக்குள் வெள்ளைப் படலம் ஒட்டி உறைந்துவிடும். வெற்றுச் செங்கல்லால் ஆன ஓரப்பகுதிக்கு மட்டும் அது போதும்.

பாதைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அகலம் 36 அங்குலம். ஐந்தடி விடுங்கள். முன்னோர் பெயரைத் தேடி வருகிறவர்களில் முதியவர்களே அதிகம், பக்கத்தில் ஒருவர் கைப்பிடித்து நடக்க இடம் வேண்டும். செங்கல்லுக்குச் செங்கல் மேடுபள்ளம் கால் அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

செடிகள்

பென்சில்வேனியாவில் ஜெர்மன் குடியேறிகள் போட்ட நாற்சதுரத் தோட்டம் இதற்கு நல்ல அச்சு. குறுக்காக இரண்டு பாதை, நான்கு பாத்தி, சுற்றி வேலி. பாத்தி ஒவ்வொன்றும் 6க்கு 6 அடி, 10 அங்குல உயரம். எந்தப் பக்கம் நின்றாலும் நடுவுக்குக் கை எட்டும். நான்குக்கும் சேர்த்து 120 கன அடி மண். அதில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு. சுண்ணாம்பு எவ்வளவு என்பதை விர்ஜீனியா கூட்டுறவு விரிவாக்க மையத்தில் மண் பரிசோதித்த முடிவு சொல்லும், கண்ணளவில் தூவ வேண்டாம்.

ஒரு பாத்தி சமையலுக்கு: சேஜ், சைவ்ஸ், லவேஜ். லவேஜுக்கு மதிய வெயில் ஆகாது, கிழக்கு ஓரத்தில் வையுங்கள். குதிரைமுள்ளங்கி வைத்தால் அடிமூடாத பீப்பாய்க்குள் அல்ல, அடிமூடிய தொட்டிக்குள். ஒரு துண்டு வேர் தப்பினாலும் பாத்தி முழுக்க அதுதான். இன்னொரு பாத்தி மருந்துக்கு: காலெண்டுலா, சதர்ன்வுட், மருந்து ரோஜா என்று பெயர்பெற்ற காலிகா ரோஜா. அது மே மாதம் ஒரே ஒருமுறை பூக்கும், பக்கக்கன்று விட்டுக்கொண்டே போகும். ஆண்டுக்கொருமுறை மண்வெட்டியால் சுற்றி வெட்டிவிடுங்கள்.

ஹவுஸ்வுர்ட்ஸ் செடியை விடாதீர்கள். உள்ளங்கை அகல ரோஜாப்பூவைக் கல்லில் செதுக்கியதுபோல், தடித்த இலைகள் வட்டமாய் அடுக்கி, நுனியில் செம்பழுப்பாக இருக்கும். இடி விழாமல் காக்கும் என்று ஜெர்மன் வீடுகளின் கூரைமேல் வளர்த்தார்கள். பேரரசர் சார்லமேனின் பண்ணை ஆணையிலேயே இதைக் கூரையில் வைக்கச் சொல்லியிருக்கிறது. களிமண்ணில் ஒரு மழைக்காலம் தாங்காது. பாதி சரளை, பாதி மண் கலந்து ஆழமில்லாத கல்தொட்டியில் வையுங்கள், தண்ணீர் ஊற்றவே தேவையில்லை.

மடோனா லில்லிக் கிழங்கை ஆகஸ்டில் நட வேண்டும். மற்ற லில்லிபோல் ஆழமாகப் புதைத்தால் பூக்காது, மேலே ஓர் அங்குல மண் போதும். பியோனியும் அப்படித்தான்: இலையுதிர் காலத்தில், முளைக்கண் இரண்டு அங்குலத்துக்குக் கீழே போகாமல்.

ஜெர்மன் கிராமம் என்றாலே நடுவில் லிண்டன் மரம் என்பார்கள். நட ஆசைப்படுவது நியாயம். ஆனால் கோடையில் ஜப்பானிய வண்டு இலையை வலைபோல் சல்லடையாக்கும், அசுவினி சுரக்கும் தேன்பிசுபிசுப்பு கீழே சொட்டிச் செங்கல் எழுத்தெல்லாம் கறுத்துவிடும், வேர் தளத்தைத் தூக்கும். பொறிப்புத் தளத்திலிருந்து 30 அடி தள்ளி ஒன்றே ஒன்று நடுங்கள். தளத்தருகே நிழல் வேண்டுமானால் அந்த மண்ணுக்குரிய ரெட்பட் என்ற சிறு மரம் போதும். ஓரவேலிக்கு எல்லோரும் கேட்பது பாக்ஸ்வுட் புதர். 2011 முதல் விர்ஜீனியாவில் பாக்ஸ்வுட் கருகல் நோய் இருக்கிறது, புதிதாக நடுவது வீண்செலவு. இங்க்பெர்ரி அதே தோற்றம் தரும். வின்கா கொடி பழைய கல்லறைகளில் அழகாய்த் தெரியும், விட்டால் பக்கத்துக் காட்டுக்குள் புகுந்துவிடும்.

மானைத் தடுக்க எட்டடி வேலி வேண்டும். அது முடியாதென்றால் வெளிவட்டத்தில் மான் தொடாத சேஜ், லாவெண்டரை வைத்து, ரோஜாவையும் லில்லியையும் உள்ளே தள்ளுங்கள்.

பராமரிப்பும் பதிவேடும்

ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஓர் இட எண் கொடுங்கள்: வரிசைக்கு எழுத்து, வரிசையில் இடத்துக்கு எண். பதிவேட்டில் அந்த எண், பொறித்த வாசகம், சான்று ஆவணம், நிழற்படம். ஒரு படி சங்கத்தில், ஒரு படி உள்ளூர் நூலகத்தில். வருகையாளருக்குப் பெயர் அகரவரிசைப் பட்டியல் வாசலில் இருக்கட்டும். கொளுத்தும் ஜூலையில் இரண்டாயிரம் செங்கல்லில் ஒரு பெயரைக் குனிந்து தேட வைக்காதீர்கள். செங்கல் விலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போடச் சொல்வோம்.

பனிக்குக் கல்லுப்பு தூவக் கூடாது, செங்கல் பொருக்கும். மணல் தூவுங்கள். அதிவேகத் தண்ணீர்க் குழாயால் கழுவினால் இடுக்கு மணல் பறந்துவிடும், நைலான் பிரஷ்ஷும் வாளித் தண்ணீரும் போதும். மார்ச் மாதம் இடுக்கு மணலை நிரப்புங்கள், அமிழ்ந்த செங்கல்லை எடுத்து மணல் கூட்டி வையுங்கள்.

எவ்வளவு பார்த்தும் ஒரு பிழை தப்பும். புதிய ஆவணம் கிடைத்து, சரியென்று நினைத்ததும் மாறலாம். அப்போது அகலமான இரண்டு பட்டைக் கத்தியைச் செங்கல்லின் இரு குறுகிய பக்கத்திலும் இறக்கி, மாற்றி மாற்றி அசைத்து மேலே தூக்குங்கள். நெம்பினால் பக்கத்துக் கல் உடையும். அடியிலுள்ள மணலைத் தொட்டுச் சமன்செய்து, புதியதை வைத்து, மரக்கட்டை மேல் சுத்தியலால் தட்டி, இடுக்கை நிரப்பினால் கால் மணி நேர வேலை. பதிவேட்டில் பழைய வாசகத்தை அழிக்காமல், மாற்றிய தேதியையும் காரணத்தையும் கீழே எழுதுங்கள். எடுத்த செங்கல்லைக் குப்பையில் போடாமல் அந்தக் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள்.